பெனால்டிக்கு முன் அறுந்த வயர்

அஞ்சலினாவுக்கு அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தது யார் என்று தெரியாது. ஆனால் குடாவைச் சுற்றி இருக்கிற ஆட்டக்காரர் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. வயர் கழட்டி. திருகோணமலை டவுன், கிண்ணியா, மூதூர், சம்பூர் என்று எங்கெல்லாம் பெடியள் டிவிக்கு முன்னால் குந்தியிருந்து இணையத்தில் கால்பந்து ஆடுகிறார்களோ, அங்கெல்லாம் அவள் வயர் கழட்டிதான்.

இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், அவளிடம் கழட்டுவதற்கு ஒரு வயரே இருக்கவில்லை.

நடந்தது இதுதான். போன வருடம் குடா லீக்கின் அரையிறுதியில் அவளுக்கு எதிராக ஆடியவன் மூதூர் றுவைஸ். ஆட்டம் சமநிலை, முடியப்போகிற நேரம், றுவைசுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அவன் பந்தை வைத்தான். அஞ்சலினா கோல்காப்பாளனை எந்தப் பக்கம் பாயவிடுவது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை உறைந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, இணைப்பு இல்லை என்று ஒரு வரி. வைஃபை போய்விட்டது. ஆனால் எதிரில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? தோற்கப்போகிறவர்கள் கேம் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு "லைன் போச்சு" என்று நல்லபிள்ளைக்கு நடிப்பது அந்த உலகத்தில் பழைய கள்ளத்தனம். "பெனால்டி எண்டதும் கழட்டிப்போட்டா" என்று றுவைஸ் வட்ஸ்அப் குழுவில் எழுதினான். லீக்கில் இருந்த ஒரே பெண் அவள். பிறகு கேட்கவா வேண்டும்!

லீக்கை நடத்துகிற ஹஸ்மி, டவுனில் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறவன். சட்டத்தில் மட்டும் அவனிடம் இரக்கம் கிடையாது. இணைப்பை விட்டவர் தோற்றவர். இரண்டாம் தரமும் விட்டால் லீக்கிலிருந்தே பெயர் வெட்டு, திரும்ப வரவே ஏலாது. அஞ்சலினாவுக்கு ஒரு தரம் முடிந்துவிட்டது. இந்த வருடம் அவள் இறுதியாட்டம் வரைக்கும் வந்தாள். எதிராளி யார் என்கிறீர்கள்? அதே றுவைஸ்.

கப்பைப் பற்றி அவள் அவ்வளவாக யோசிக்கவில்லை. கப் தகரம். அந்தப் பெயரைக் கழுவவேண்டும், அவ்வளவுதான். அண்ணன்மாரோடு சண்டைபிடித்து கொன்றோலரைப் பறித்துப் பழகிய காலத்திலிருந்து தோல்விக்குப் பயந்து அவள் ஓடினதே இல்லை. மருந்துக்கடையில் வேலை செய்யும்போதுகூட யாராவது பெடியன் பனடோல் வாங்க வந்து ஒரு மாதிரிச் சிரித்தால், இவனுக்கும் தெரியுமோ என்று அவள் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

கலியாணம் முடித்துப் பாலையூற்றிலிருந்து ஓர்ஸ் ஹில்லுக்கு, புருஷன் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை. அது நீளமான பழைய வீடு. இணையம் தருகிற றூட்டர் முன் ஹோலில், திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அஞ்சலினாவின் கேம் பெட்டியும் டிவியும் பின்னறையில். நடுவில் இரண்டு தடித்த சுவர், போதாததற்கு மாமியின் இரும்பு அலுமாரி. வைஃபை அங்கே வந்து சேரும்போது அதற்கு உயிர் பாதிதான் மிச்சம். பந்தை அடி என்று அழுத்தினால் ஆட்டக்காரன் ஒரு கணம் யோசித்துவிட்டு அடிப்பான். போனில் படம் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. பந்து ஆடுகிறவளுக்கு அந்த ஒரு கணம் ஒரு கோல்.

அவள் புருஷன் டிலுக்ஷன் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறவன். பெரிய கப்பல்களைக் கயிறு போட்டு இழுத்துக் கரையில் கட்டுகிறதுதான் அவன் தொழில்.

"வைஃபை எண்டா காத்து. வயர் எண்டா கயிறு" என்றான் அவன். "கப்பலைக் காத்திலயோ கட்டுறம்? றூட்டரில இருந்து பெட்டிக்கு நேரா வயர் இழுத்திட்டா அலுமாரியும் ஒண்டுதான், ஆகாசமும் ஒண்டுதான். சுவரில ஒரு ஓட்டை போட்டா முடிஞ்சுது."

"ஓட்டையோ?" குசினி அடுப்படியிலிருந்து டிலுக்ஷனின் அம்மா, றோஸ் மாமியின் குரல் வந்தது. அந்த மனுசிக்குக் காது அப்படி. "உன்ர அப்பா பாத்துப் பாத்துக் கட்டின சுவரில, ஆண்டவற்ர படத்துக்குக் கீழ, பந்தடிக்கிறதுக்கு ஓட்டையோ? நான் செத்தாப் பிறகு போடுங்கோ!"

"அப்ப ஹோலில வச்சு விளையாடட்டே மாமி?" என்று கேட்டாள் அஞ்சலினா.

"செபக்கூட்டத்துக்கு ஆக்கள் வாற இடத்தில நீ கோல் கோல் எண்டு கத்தப்போறியோ?"

அன்றிலிருந்து மாமிக்கும் மருமகளுக்கும் கதை இல்லை. சோறு போடும்போது "போதுமோ", "ஓம்". அவ்வளவுதான்.

டிலுக்ஷன் வேறு வழி பார்த்தான். வயரை ஹோல் ஜன்னலால் வெளியே எடுத்து, வீட்டின் பக்கமாகக் கிடந்த வளவுக்கு மேலால் குறுக்கே இழுத்து, பின்னறை ஜன்னலால் உள்ளே கொண்டுவந்தான். அதைச் சும்மா இழுத்திருந்தால் பரவாயில்லை. இழுவைப் படகுக்காரன் சும்மா இழுப்பானா? முதலில் ஒரு தடித்த நைலோன் கயிற்றை ஜன்னல் கம்பியிலிருந்து முருங்கைக்கும், முருங்கையிலிருந்து பின்னறைக் கம்பிக்கும் விறைப்பாகக் கட்டினான். அந்தக் கயிற்றோடு நீல வயரைச் சாணுக்குச் சாண் வரிந்தான். இழுவை முழுக்கக் கயிற்றுக்கு, வயருக்கு ஒரு நோவும் வராது. எட்டிப் பிடிக்கிற உயரத்தில் அது நின்றது.

"கப்பல் அறுத்துக்கொண்டு போனாலும் இது போகாது" என்று முடிச்சைத் தட்டிக்காட்டினான். "ஒண்டே ஒண்டு, இதில பாரம் ஏத்தாதேங்கோ. அம்மாட்டயும் சொல்லிவிடும்."

சொல்லவேண்டியவள் அஞ்சலினா. கதை இல்லாத மாமியிடம் எதைச் சொல்வது? அவள் சொல்லவில்லை.

வயர் போட்ட பிறகு ஆட்டமே மாறிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அவள் விரல் நினைத்ததை ஆட்டக்காரன் உடனே செய்தான். கொன்றோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் சிரித்தாள்.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்தது. கப்பல் ஒன்று வருகிறதென்று டிலுக்ஷன் வேலைக்குப் போயிருந்தான். அஞ்சலினா ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

"அக்கா, இந்த முற லைன் நிக்குமா?" றுவைஸின் குரல் காதில் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறான்.

"நீங்க உங்கட கோலைப் பாத்துக்கொள்ளுங்கோ தம்பி" என்றாள் அவள்.

குழுவில் இருந்த அத்தனை பேரும் அவரவர் வீட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் றுவைஸ் ஒன்று போட்டான். குழு கொண்டாடியது. அவள் பல்லைக் கடித்தாள். இடைவேளைக்கு முன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். இடைவேளைக்குப் பிறகு மூலையிலிருந்து வந்த பந்தைத் தலையால் தட்டி இரண்டாவதையும் போட்டாள். இரண்டுக்கு ஒன்று. ஹெட்செற்றில் றுவைஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

இனி நேரத்தைக் கடத்தினால் போதும். பந்தைப் பின்னால் கொடு, பக்கத்தில் கொடு, அவனை ஓடவிடு. இணைய ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. ஓடுகிறது ஓடியே தீரும். அதனால் அவள் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

எடுத்திருந்தால் ஜன்னலுக்கு வெளியே நடந்ததைப் பார்த்திருப்பாள். மாமி மத்தியானம் கட்டில் விரிப்புத் தோய்த்திருந்தார். பூப்போட்ட பெரிய இரட்டைக் கட்டில் விரிப்பு. காயப்போட இடம் தேடினார். வளவுக்குக் குறுக்கே, விறைப்பாக, மகன் கட்டிய நல்ல கயிறு ஒன்று நின்றது. கயிறு என்றால் வேறு எதற்கு? தண்ணீர் சொட்டச் சொட்ட அதில் போட்டார். ஈரப் பாரத்துக்குக் கயிறு நடுவில் தொய்ந்து, இடுப்பு உயரத்துக்கு வந்தது.

பிறகு வழக்கம்போல் தட்டத்தில் மரக்கறித் தோலும் வாழைப்பழத் தோலும் எடுத்துக்கொண்டு போய்க் கரண்டியால் தட்டினார். இந்த ஊரில் மான்கள் நாய் மாதிரித் தெருவில் திரிகிறவை, கடை வாசலில் படுக்கிறவை. மாமியின் வளவுக்குக் கொம்பு வைத்த ஆண் மான் ஒன்று தினமும் வரும். மாமி அதை ராசா என்று கூப்பிடுவார். மருமகளைக்கூட அவ்வளவு செல்லமாகக் கூப்பிட்டதில்லை, அது வேறு கதை.

ராசா வந்தது. விரிப்புக்கு அங்கால் தட்டம் இருந்தது. தலையைக் குனிந்து விரிப்புக்குள்ளால் நுழைந்தது. நிமிர்ந்தபோது கொம்பில் விரிப்பும் கயிறும் வயரும் சேர்ந்து மாட்டின. வெருண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. கயிறு கழுத்தில் விழுந்தது.

அஞ்சலினா முதலில் கேட்டது அதன் கத்தலை. மான் அப்படிக் கத்தும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிறகு மாமி கத்தினார். ஜன்னல் கம்பி கிறீச்சிட்டது. மேசையில் இருந்த கேம் பெட்டி ஒரு துள்ளுத் துள்ளியது.

"என்ன மாமி?" என்று தலையைத் திருப்பினாள். ஒரே ஒரு தரம்தான் திருப்பினாள். அதற்குள் றுவைஸின் ஆட்டக்காரன் அவளுடைய எல்லைக்குள் பாய்ந்துவிட்டான். விரல் தவறியது. அவளுடைய காவல்காரன் அவனைக் காலோடு விழுத்தினான். ஊதல்.

பெனால்டி.

"பிள்ளை! ஓடி வா! கத்தியக் கொண்டா!" மாமியின் குரல் பிளந்தது. "கழுத்து இறுகுது! நான் கயித்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன், விட்டா செத்துப்போகும்! வந்து வெட்டு!"

அவள் எழுந்து ஜன்னலால் பார்த்தாள். மாமி இரண்டு கையாலும் கயிற்றை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதைக்கிற மானுக்குப் பக்கத்தில் தடுமாறிக்கொண்டு நின்றார். ராசாவின் நாக்கு வெளியே வந்திருந்தது. கண் வெள்ளையாக இருந்தது. அந்த இழுவையிலும் கயிறு அறவில்லை. பாவி மனுசன் கட்டின கட்டு! வயரும் அறவில்லை. டிவியில் ஆட்டம் ஒரு நடுக்கமும் இல்லாமல் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. றுவைஸ் பந்தை எடுத்துப் புள்ளியில் வைத்தான்.

கயிறும் வயரும் சேர்த்து வரிந்தவை. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும். இப்போது வெட்டினால் திரை உறையும். இறுதியாட்டம், முடிகிற நேரம், றுவைசுக்குப் பெனால்டி, அஞ்சலினாவின் லைன் போச்சு. யார் நம்புவார்கள்? கடவுளே, அவளே நம்பமாட்டாளே! போன முறை அவர்கள் பொய்யாகச் சொன்னதை இந்த முறை அவள் தன் கையாலேயே உண்மையாக்கவேண்டும். ஒரு அடிக்கு எவ்வளவு நேரம் போகும்? அவன் ஓடிவந்து அடித்துவிடட்டும். அதுவரைக்கும் மாமி பிடித்துக்கொள்ளமாட்டாரா? அவளுக்கு மானில் கோபம் வந்தது, மாமியில் கோபம் வந்தது, பூப்போட்ட விரிப்பில் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத தன்னில் கோபம் வந்தது.

மான் இன்னொரு தரம் கத்த வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை.

"நாசமாப் போக!" என்று கத்திக்கொண்டு அவள் ஹெட்செற்றைக் கட்டிலில் எறிந்தாள். குசினிக்குள் ஓடி மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்குப் பாய்ந்தாள்.

நைலோன் இலேசில் வெட்டுப்படவில்லை. கழுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவள் அராவினாள். ராசாவின் குளம்பு அவள் தொடையில் பட்டது. "கெதியா, பிள்ளை, கெதியா" என்று மாமி அழுதார். நீல வயர்தான் முதலில் அறுந்தது. அதை அவள் பார்த்தாள். பிறகு கயிறும் அறுந்து தளர்ந்தது. மாமி பின்னால் விழுந்தார். மான் ஒரு பெரிய மூச்சு இழுத்தது. கொம்பில் விரிப்பும் விரிப்பில் வயர்த் துண்டுமாகக் கேற்றால் பாய்ந்து, இறக்கத்தில் ஓடி மறைந்தது.

அஞ்சலினா கத்தியோடு நிலத்தில் குந்தியிருந்தாள். உள்ளே போக அவளுக்கு மனம் வரவில்லை. திரையில் என்ன இருக்கும் என்று தெரியும்.

போனில் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. சிரிக்கிற முகங்கள். "பெனால்டி ஸ்பெஷலிஸ்ட்." "வயர் கழட்டி வாழ்க." ஹஸ்மி எழுதியிருந்தான்: "இரண்டாம் தரம். சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான். அஞ்சலினாவின் பெயர் லீக்கில் இருந்து நீக்கம். கப் றுவைசுக்கு."

அவள் எழுதினாள்: "வயரில மான் மாட்டிட்டுது. வெட்டவேண்டி வந்தது."

ஹஸ்மியின் பதில் உடனே வந்தது. "போன முற வைஃபை. இந்த முற மானா?"

றுவைஸ் ஒன்றும் எழுதவில்லை.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்து அழுதாள். ஒளிக்காமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள். மாமி முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து பார்த்தார். தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைத்தார்.

"மானுக்கு ஒண்டும் ஆகாது பிள்ளை. அது ஓடிட்டுது."

"மானுக்கில்லை மாமி" என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். போன வருடப் பெனால்டி, பட்டப்பெயர், ஹஸ்மியின் சட்டம், கயிற்றில் பாரம் ஏற்றவேண்டாம் என்று டிலுக்ஷன் சொன்னது, கோபத்தில் தான் சொல்லாமல் விட்டது. மாமி இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாழ்க்கையில் அது பெரிய சாதனைதான்.

இருட்டுகிற நேரம் போன் திரும்பவும் சிணுங்கியது. ஹஸ்மி குழுவுக்கு ஒரு படம் போட்டிருந்தான். அவனுடைய கடை வாசலில் ஒரு மான். தலையில் பூப்போட்ட துணி, கலியாணப் பொம்பிளையின் நெற் முக்காடு மாதிரி முதுகுவரைக்கும் தொங்கியது. "டவுனுக்குப் புதுப் பொம்பிள வந்திருக்கா, பாருங்கடா" என்று எழுதியிருந்தான்.

அஞ்சலினாவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த மாமி துள்ளினார். "அது என்ர பெட்சீற்று!"

படத்தைப் பெரிதாக்கினார்கள். துணியின் கீழே, கொம்பிலிருந்து, நீல வயர் தொங்கிக்கொண்டிருந்தது. நுனி வெட்டியது வெட்டியபடி.

"குடு போனை" என்றார் மாமி. "எங்க அமத்திறது? இதோ?" ஒலிப்பதிவை அமத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய்க் கத்தினார். "ஹஸ்மித் தம்பி, நான் அஞ்சலினான்ர மாமி றோஸ் கதைக்கிறன். நீர் படம் பிடிச்சுப் போட்டிருக்கிற மான்ர தலையில கிடக்கிறது என்ர பெட்சீற்று. அதில தொங்கிறது என்ர மருமகளின்ர வயர். காயப்போட்டது நான். வெட்டச் சொன்னதும் நான். அவள் பயத்தில ஓடேல்ல. நான் கூப்பிட்டு வந்தவள். இனி ஒருத்தன் என்ர பிள்ளையை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டா, வீட்ட வந்து கேப்பன்!"

கொஞ்சம் கழித்து றுவைஸின் குரல் வந்தது. "மாமி சொல்றது உண்ம. அக்காட மைக் ஓடிக்கிட்டுத்தான் கிடந்த. வெட்டு, கழுத்து இறுகுது எண்டு கத்தினதெல்லாம் என்ட ஹெட்செற்றுக்கு மட்டும் கேட்ட. சொல்லாம இருந்துட்டன், கப் கைக்கு வந்துட்டு எண்டு. பிழதான். பெனால்டிய நான் இன்னும் அடிக்கல்ல, அக்கா. வயரப் போட்டுட்டு வாங்க."

மறுநாள் டிலுக்ஷன் வேலை முடிந்து வந்தபோது, மாமி ஹோலில் நின்றார். திருஇருதயப் படத்தைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே, வெறும் சுவரைக் கையால் காட்டினார்.

"இதில போடு ஓட்டையை" என்றார். "வடிவாப் போடு."

குழப்பம் முடியவேண்டுமே. பழைய ஆட்டத்தைத் திரும்ப எழுப்ப ஏலாது. ஆனால் பெனால்டி மட்டும் அடிக்கிற பகுதி ஒன்று அந்த விளையாட்டிலேயே இருந்தது. ஹஸ்மி தடையை நீக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். றுவைசுக்கு ஒரே ஒரு அடி. அஞ்சலினா பிடித்தால் கப் அவளுக்கு. பந்து உள்ளே போனால் சமன், புது ஆட்டம்.

அன்று பின்னேரம் சுவரின் ஓட்டையால் வந்த புது வயர் நேராகப் பெட்டிக்குள் போனது. டிலுக்ஷன் கதவடியில் நின்றான். மாமி செபமாலையோடு கட்டிலில், மருமகளுக்குப் பக்கத்தில் இருந்தார். றுவைஸ் பந்தை வைத்தான். பின்னால் போனான். போன வருடம் திரை உறைந்த இடம் இதுதான். நேற்று அஞ்சலினா எழுந்து ஓடிய இடமும் இதுதான். வட்டம் சுற்றுமா என்று அவள் கண் திரையின் நடுவையே பார்த்தது.

சுற்றவில்லை. அவன் ஓடிவந்தான். அடித்தான். அவள் இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கத்தால் போய் வலையில் விழுந்தது.

ஹெட்செற்றில் றுவைஸ் கூரை பறக்கக் கத்தினான். போனில் குழு முழுக்கக் கொண்டாடியது. அஞ்சலினா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. வலை ஆடி அடங்குகிற வரைக்கும் பார்த்தாள். போன வருடத்திலிருந்து அவள் பார்க்காத கோல் அது.

"போச்சே?" என்று மாமி கேட்டார்.

"போச்சு மாமி. கோல்."

"பிறகேன் பிள்ளை சிரிக்கிறாய்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொன்றோலரைச் சரியாகப் பிடித்தாள்.

"அக்கா, இருக்கீங்களா?" என்று றுவைஸ் கேட்டான். இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

"இருக்கிறன் தம்பி" என்றாள் அஞ்சலினா. "நான் எங்கயும் போகேல்ல. புது ஆட்டத்தைத் தொடங்குங்கோ."